கடையும் கடனும்

நகரில் கலகம் மூண்டது என்பதை முதலில் அறிவிப்பது கடைத்தெருவே. செய்தி பின்னால் வரும். கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் ஓசை முன்னால் வரும். அவ்வாறு இறங்கும் கதவுகளுள் வேற்றூரிலிருந்து வந்தவனுடைய கதவே முந்தி இறங்குகிறது. பெரும்பாலும் முதலில் உடைபடுவதும் அதுவே. இஃது ஏன் என்று எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறமொழி வழங்கும் நகரில் கடையோ சிறுதொழிலோ நடத்தி, அந்த வருவாயில் பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல அல்லவா?

இக்கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. கலகக் கூட்டம் குடியேறியவனுடைய கடையைத் தேடி வருவது எதனால் என்பது ஒன்று. இது வரலாறு பற்றியது. கடைக்காரன் தன் கடை இருக்கும் தெருவுக்குப் பட்டிருக்கும் கடன் ஏதேனும் உண்டா, தாக்கப்பட்ட பின்னும் அக்கடன் நிற்குமா என்பது மற்றொன்று; இஃது அறம் பற்றியது. முதற் கேள்வியைக் கடந்து செல்லாமல் இரண்டாவதற்கு விடை கூறப் புகுந்தால், அது வெறும் உபதேசமாகவே முடியும். ஆதலின் ஒரு நகரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம். அந்நகர் தென்னாப்பிரிக்காவின் டர்பன்.

டர்பன் தமிழர்க்கு அயலூர் அன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அத்துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். தமிழோ தெலுங்கோ பேசியவர்கள். காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரால் தென்னாப்பிரிக்கத் தமிழரை நாம் ஓரளவு அறிவோம். அவ்வறப்போருக்குப் பிந்திய அவர்களுடைய வரலாறு நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அதில் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறினர். நகரின் ஓரங்களில் காய்கறி பயிரிட்டனர், கூடையில் சுமந்து விற்றனர், ஆலைகளில் உழைத்தனர். சிலர் சிறுகடை வைத்தனர். சிலர் பேருந்து வாங்கி ஓட்டினர். இவர்களன்றிச் சொந்தச் செலவில் கப்பலேறி வாணிகம் செய்ய வந்தவர்களும் இருந்தனர். அவர்களுள் குஜராத்தியர் மிகுதி. கிரே தெருவின் பெருங்கடைகள் பெரும்பாலும் இவர்கள் உடைமை. கூலியின் பேரனுக்கும் கிரே தெரு வணிகனுக்கும் மொழியும் வேறு, வாழ்வும் வேறு. ஆயினும் வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அனைவரும் இந்தியர் என்ற ஒரே பெயர்தான்.

1949 ஜனவரி 13, மாலை நேரம். விக்டோரியா தெருப் பகுதியில் வேலை முடிந்து வீடு திரும்புவோர் பேருந்துக்குக் காத்திருந்தனர். அங்கே ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் 14 வயது ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனுக்கும் தகராறு மூண்டது. சிறுவன் அடிபட்டான். அவன் தலை கடைக் கண்ணாடியில் மோதி இரத்தம் வழிந்தது. கூடியிருந்தோர் அதைக் கண்டனர். காணாதவர்களுக்கு அது வதந்தியாகச் சென்றது; செல்லும் வழியிலேயே அடி, கொலையாக வளர்ந்தது. அன்றிரவும் மறுநாளும் இந்தியர் கடைகள் சூறையாடப்பட்டன. வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. காவற்படையும் இராணுவமும் துப்பாக்கி கொண்டு அடக்கியபோது 142 பேர் மாண்டிருந்தனர். அவர்களுள் 87 பேர் ஆப்பிரிக்கர். 50 பேர் இந்தியர். காயமுற்றோர் 1,087 பேர். ஆப்பிரிக்கரிற் பலர் அரசின் குண்டுகளுக்கு இரையானவர்கள் என்பதையும் இங்கே சேர்த்தே நினைக்க வேண்டும்.

அடிபட்ட ஒரு சிறுவனுக்காக ஒரு நகரம் எரியுமா? எரியாது. எரிவதற்கான விறகு அங்கே நெடுங்காலமாக அடுக்கப்பட்டிருந்தது. ஆப்பிரிக்கர்க்கு நகரில் நிலம் வாங்கும் உரிமை இல்லை. கடை வைக்க உரிமம் கிடைப்பது அரிதினும் அரிது. நகரின் ஆலைகளுக்கு அவர்கள் உழைப்பு வேண்டும். நகரில் அவர்களுக்கு வீடு இல்லை. ஆகவே அவர்கள் கேட்டோ மேனர் என்னும் புறநகர்ப் பகுதியில் இந்தியர்க்குரிய நிலத்தில் குடிசை போட்டு வாடகை கொடுத்தனர். வேலைக்குச் செல்ல இந்தியர் ஓட்டிய பேருந்தில் ஏறினர். மாவும் சர்க்கரையும் இந்தியர் கடையில் வாங்கினர். வாடகையும் பேருந்துக் கட்டணமும் சரக்கின் விலையும் அவர்கள் கையிலிருந்து இந்தியர் கைக்கே சென்றன. சட்டம் இயற்றிய வெள்ளையர் பெரியா மேட்டின் மாளிகைகளில் வாழ்ந்தனர். ஆப்பிரிக்கத் தொழிலாளி அவர்களுடன் பேரம் பேசியதில்லை, சில்லறைக்காகச் சண்டையிட்டதுமில்லை. நாள்தோறும் அவன் கண்ட முகம் பேருந்து நடத்துநரின் முகமும் கடைக்காரரின் முகமுமே.

அந்த இந்தியரோ வாக்குரிமை அற்றவர். வெள்ளையர் பகுதிகளில் நிலம் வாங்கலாகாது என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் தடுத்தது. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, இந்தியரை அந்நாட்டுக்கு ஒட்டாத அந்நியர் என்றே கருதியது. மேலே ஒரு கை தள்ள, கீழே ஒரு கை இடிக்க, மத்தளம்போல் இரு பக்கமும் அடிபடும் நிலை அவர்களுடையது. இத்தகைய நிலையில் வாழும் வணிகக் குடியினரைச் சமூகவியலார் இடைத்தரகுச் சிறுபான்மையினர் என்பர். எட்னா போனாசிச் என்னும் அமெரிக்க அறிஞர் 1973இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவில் சரக்கையும் பணத்தையும் கைமாற்றித் தருபவன், அமைதிக் காலத்தில் இருவருக்கும் பயன்படுகிறான். கொந்தளிப்பு வரும்போது இருவராலும் கைவிடப்படுகிறான்.

இஃது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய விதியன்று. 1992 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலகம் வெடித்தது. ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரை அடித்த வெள்ளைக் காவலரை நீதிமன்றம் விடுவித்ததே உடனடிக் காரணம். அத்தீர்ப்பில் கொரியர் எவருக்கும் பங்கில்லை. ஆயினும் சேதமுற்ற கொரியர் கடைகள் 2,000க்கும் மேல். முந்திய ஆண்டில் ஒரு கொரியக் கடைக்காரர், பழச்சாறு திருடுவதாக ஐயுற்று 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைச் சுட்டுக் கொன்றிருந்தார். குற்றவாளி எனத் தீர்ப்பாகியும் அவருக்குச் சிறைவாசம் கிட்டவில்லை. அந்தக் கசப்பு அத்தெருக்களில் ஆறாமல் இருந்தது. டர்பனில் ஒரு சிறுவன், லாஸ் ஏஞ்சல்சில் ஒரு சிறுமி. இரண்டிடத்தும் விறகை அடுக்கியவர்கள் வேறு. பொறி தெறித்தது கடை மேசையில்.

இனி அறக் கேள்விக்கு வருவோம். இதற்குப் பொதுவாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன.

'அவர்கள் எங்கள் உழைப்பை உறிஞ்சினார்கள். எனவே பட்டார்கள்' என்பது ஒரு விடை. கலகம் செய்தவர் மட்டுமல்லர், சில வேளை கற்றவரும் இதைச் சொல்வதுண்டு. இதைச் சோதிக்க டர்பன் கணக்கே போதும். 1949இல் முற்றும் அழிந்த கடைகள் 58; முற்றும் அழிந்த வீடுகள் 247. உறிஞ்சியவனைத் தண்டிக்கப் புறப்பட்ட நெருப்பு, கடையைவிட வீட்டையே மிகுதியாக உண்டது. கேட்டோ மேனரில் தகர வீட்டில் வாழ்ந்த காய்கறிக்காரனும் ஆலைத் தொழிலாளியும் எவருடைய உழைப்பை உறிஞ்சினார்கள்? கூட்டத்திற்கு முகம் தெரியாது. இனம் மட்டுமே தெரியும். குற்றம் என்பது செய்தவனைச் சாரும், குலத்தைச் சாராது. கார்ல் யாஸ்பர்ஸ் என்னும் ஜெர்மானியத் தத்துவ அறிஞர், நாஜி ஆட்சியின் வீழ்ச்சிக்குப்பின் 1946இல் தம் மக்களின் குற்றம் பற்றி எழுதிய நூலில், ஓர் இனம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதைத் தெளிவாக்கினார். கூடுதல் விலை வைத்து விற்றவனுக்கே கூட, அதற்குத் தண்டனை தீ என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை.

'நாங்கள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. உழைத்தோம், வரி கட்டினோம், நியாயமான விலைக்கு விற்றோம். எவருக்கும் கடன்பட்டவர்கள் அல்லோம்' என்பது மற்றொரு விடை. இது குடியேறியவர் தம் வீட்டிற்குள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது. முதல் விடையைவிட இதை ஆராய்வது கடினம்; இதில் உண்மை பெரும்பகுதி இருப்பதே காரணம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பழமொழி கேட்கிறது. நிலச் சட்டமும் உரிமச் சட்டமும் இயற்றியவன் எய்தவன், கடைக்காரன் அம்பு. இவ்வாறு கொண்டால் கடைக்காரன்மேல் பழி இல்லை.

ஆனால் இப்பழமொழி கடைக்காரன் வரையில் பாதிதான் பொருந்துகிறது. அம்புக்கு நெஞ்சில்லை, கடைக்காரனுக்கு உண்டு. சட்டம் தனக்குத் தந்த உரிமம் பக்கத்துத் தெருவில் இருப்பவனுக்கு மறுக்கப்படுகிறது என்பதை அவன் அறிவான். தன் கடைக்குள் நுழையும் சிறுவனை மனிதனாகக் காண்பதா, திருடனாகக் காண்பதா என்பது அவன் கையில் இருக்கிறது. சில்லறையைக் கையில் தருவதா, மேசைமேல் வீசுவதா என்பதும் அவன் கையில்தான் இருக்கிறது. டர்பன் ஆப்பிரிக்கர் பேருந்துகளைப் பற்றிச் சொன்ன குறைகளில் கட்டணத்தோடு, நடத்துநர் மரியாதையின்றிப் பேசுவதும் இடம்பெற்றிருந்தது. கட்டணத்தைக் குறைக்க முதலாளியால்தான் முடியும். மரியாதையாகப் பேச எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருள். திருப்பித் தர வேண்டிய பொருளும் கடன். செய்தாக வேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்தது எண்ணத்தக்கது. கடை ஒரு தெருவில் நிற்கிறது. அத்தெருவின் மக்கள் நடந்து வருவதால்தான் அது கடை. இல்லையேல் அது சரக்கு அடைத்த அறை மட்டுமே. ஆகவே தெருவிடமிருந்து கடைக்காரன் பெறுவது சரக்கின் விலை மாத்திரம் அன்று. தன் வாழ்வுக்கான இடத்தையே பெறுகிறான். விலைக்கு ஈடாகச் சரக்கைக் கொடுத்துவிட்டான். இடத்துக்கு ஈடாக எதைக் கொடுத்தான்? வரி அரசுக்குப் போகிறது, தெருவுக்குப் போவதில்லை.

இதற்குரிய ஈட்டை வள்ளுவர் ஒப்புரவு என்ற சொல்லால் குறித்தார் எனலாம். ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை ஈகைக்கு முன்னே வைத்தார். ஈகை இல்லாதவனுக்குத் தருவது. ஒப்புரவு உடன் வாழ்வோரோடு ஒத்து ஒழுகுவது. பரிமேலழகர் அதனை உலகநடை அறிதலாக விளக்குகிறார். ஆண்டுக்கொரு முறை அன்னதானம் செய்வதால் ஒப்புரவுக் கடன் தீராது. தானம் பெற்றவன் நன்றி சொல்லிச் செல்வான். ஆனால் அவன் பெயரும் அவன் மொழியும் நமக்குத் தெரியாமலே இருக்கலாம். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார், பல மொழி பேசும் வேற்று நாட்டார் ஒருங்கே கூடி மகிழ்ந்து வாழ்ந்த நகராகப் புகாரைக் காட்டுகிறார். அந்நகர வணிகர் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்தனர் என்றும் அவர் போற்றுகிறார். நேர்மையான விலையும் கலந்து வாழும் வாழ்வும் ஒரே பாட்டில் இடம்பெற்றிருப்பதை நாம் கருத வேண்டும்.

இங்கே ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். இக்கடனைக் கடைக்காரன் தீர்க்கவில்லை என்பதால் அதைத் தீயால் வசூலிக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடுவதில்லை. அன்பும் மரியாதையும் கேட்டுப் பெறத்தக்கவை. கொள்ளையிட்டுப் பெறத்தக்கவை அல்ல. மேலும் குடிமகனின் உயிரையும் உடைமையையும் காப்பது அரசின் முதற்கடன். லாஸ் ஏஞ்சல்சில் கொரியர் அழைத்தபோது காவலர் வரவில்லை. 1984 நவம்பரில் டில்லியில் சீக்கியர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோதும், அவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோதும், காவலர் பல இடங்களில் கைகட்டி நின்றனர். அண்டையாரின் அன்பு காவல் நிலையத்துக்கு மாற்றாகாது. பாதிக்கப்பட்டவனிடம் 'நீ ஒழுங்காகப் பழகியிருந்தால் பிழைத்திருப்பாய்' என்று சொல்வது கொடுமை.

தாக்கப்பட்ட பின்னும் அறக்கடன் நிற்குமா என்ற கேள்வி எஞ்சியுள்ளது. டர்பன் இதற்கு இரு வேறு விடைகளைத் தந்தது. முதல் விடை 1949இலேயே வந்தது. அப்போது நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்தவர் மருத்துவர் ஜி. எம். நாயக்கர். அவரும் மருத்துவர் தாதுவும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் மருத்துவர் சூமாவும் 1947இலேயே ஒற்றுமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தனர். கலகத்தின் சாம்பல் ஆறுமுன், 1949 பிப்ரவரியில், இரு மக்களின் தலைவர்களும் ஒருங்கே கூடினர். இனப்பாகுபாட்டின் மேல் எழுந்த அரசியல் பொருளாதார அமைப்பே கலகத்தின் வேர் என்று கூட்டாக அறிவித்தனர். பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிச் சொல்வது எளிதாக இருந்திருக்காது. 1952இல் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கத்தில் இரு மக்களும் சேர்ந்தே சிறை சென்றனர்.

வேரை அவர்கள் சரியாகவே கண்டனர் என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி வசிப்பிடம் என்று விதித்தது. கேட்டோ மேனரிலிருந்து ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பப்பட்டனர். இந்தியர் சாட்ஸ்வொர்த் போன்ற குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். எரித்தவனும் எரிக்கப்பட்டவனும் ஒருவர்பின் ஒருவராக ஒரே மண்ணிலிருந்து அகற்றப்பட்டனர்.

அவ்வாறு பிரித்து வைத்ததன் விளைவு பின்னர்த் தெரிந்தது. 1985 ஆகஸ்டில் டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் கலகம் மூண்டது. இந்தியர் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. 1904இல் காந்தியடிகள் நிறுவிய ஃபீனிக்ஸ் ஆசிரமமும் எரிந்தது. பின்னர் அது புதுப்பிக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. இனாண்டாவிலிருந்து ஓடிய இந்தியர் பலர் அருகிலிருந்த ஃபீனிக்ஸ் நகரியத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஆசிரமத்தின் பெயரையே தாங்கிய அந்நகரியம், இந்தியர்க்கென்று 1976 முதல் நிறவெறி அரசால் அமைக்கப்பட்டது. 1994இல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. ஆனால் அது வரைந்த தெருக்கோடுகள் தரையில் நின்றன.

டர்பனின் இரண்டாம் விடை 2021 ஜூலையில் வந்தது. முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறை சென்றதைத் தொடர்ந்து குவாசூலு நேட்டாலிலும் கவுட்டெங்கிலும் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. 350க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஃபீனிக்சில் காவலர் போதிய அளவில் இல்லை. கொள்ளைக் கூட்டம் வருகிறது என்ற அச்சம் பரவியது. அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றது என்று சொல்லவியலாது. மக்கள் தெருமுனைகளில் தடுப்பு அமைத்துக் காவல் நின்றனர். அவர்களுள் பலர் தம் வீட்டையும் கடையையும் காத்ததோடு அமைந்தனர். ஆனால் சில தடுப்புகளில் வழிப்போக்கர்கள் தோலின் நிறத்தால் பிரிக்கப்பட்டு நிறுத்தப்பட்டனர். சிலர் அடிக்கப்பட்டனர், சிலர் சுடப்பட்டனர். ஃபீனிக்ஸ் பகுதியில் அந்நாட்களில் இறந்தோர் 36 பேர், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். வேலைக்கும் கடைக்கும் அவ்வழியே செல்பவர்கள் அவர்களுள் இருந்தனர்.

நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி கசப்பானது. நமக்கு நேர்ந்ததை மட்டுமே நினைவில் வைப்பது எளிது. 1949இல் ஒரு கூட்டம் இந்தியன் என்ற ஒன்றை மட்டும் பார்த்துத் தகர வீட்டுக்காரனைத் தாக்கியது. 2021இல் ஒரு தடுப்பு, கறுப்பன் என்ற ஒன்றை மட்டும் பார்த்து வழிப்போக்கனை நிறுத்தியது. முகத்தைக் காணாமல் இனத்தைக் கண்ட பிழை இரண்டிலும் ஒன்றே. தன்னை நோக்கி ஓங்கிய கையைத் தடுக்க ஒவ்வொருவனுக்கும் உரிமை உண்டு. ஓங்காத கையை, அதன் நிறத்துக்காகவே வெட்டும் உரிமை அச்சத்தால் பிறப்பதில்லை. அச்சம் ஒரு செயலுக்கு விளக்கம் ஆகலாம், நியாயம் ஆகாது. முன்பு பட்ட துன்பம் பின்பு செய்யும் தீமைக்கு முன்பணம் ஆகாது.

இவ்வரலாற்றைத் தொலைதூரத்துக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக நமக்கு வழியில்லை. 1966இல் சிவசேனை தோன்றியபின், பம்பாயில் தென்னிந்தியரும் அவர்களுடைய உணவு விடுதிகளும் பட்ட அல்லலைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவைத் தொடர்ந்து 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் அந்நகரிலேயே தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய பேருந்துகள் எரிந்தன. ஆற்று நீரைப் பங்கிடுவதில் பெங்களூர்ப் பெட்டிக்கடைக்காரனுக்கு என்ன அதிகாரம்? ஆயினும் அணையின் கதவைத் திறக்க முடியாதவன் கடையின் கதவே உடைக்க எளிதாக இருந்தது.

அதே தராசை நாம் தாய்த்தமிழகத்துக்கும் பிடிக்க வேண்டும். திருப்பூரின் பனியன் ஆலைகளிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அஞ்சியவர்கள் பலர் ரயிலேறினர். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது, தமிழக அரசு உடனே மறுத்து விளக்கியது, அச்சம் தணிந்தது. தாக்குதல் நடைபெறாத இடத்தில் வதந்தி ஒன்றே ரயிலேற்றப் போதுமானதாக இருந்தது என்பது, புதிதாக வந்தவன் நெஞ்சில் அச்சம் எவ்வளவு மேலாக உறங்குகிறது என்பதற்குச் சான்று. அந்த அச்சத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? தமிழகத்தில் இருக்கும் நம் உறவினர்க்கு இதை எடுத்துச் சொல்லும் தகுதி புலம்பெயர்ந்து வாழும் நமக்கு உண்டு.

இனிச் செய்யத்தக்கது யாது? நெருப்பு பற்றாமல் காத்த ஊர் ஒன்று பம்பாய்க்கு அருகிலேயே இருக்கிறது. விசைத்தறி நகரான பிவண்டி 1970இலும் 1984இலும் இந்து முஸ்லிம் கலவரங்களால் சீரழிந்தது. பின்னர் அங்கே துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே என்னும் காவல்துறை அதிகாரி 1988இல் ஒவ்வொரு பகுதிக்கும் மொஹல்லா குழு ஒன்றை ஏற்படுத்தினார். இரு சமயத்தாரும் அப்பகுதிக் காவலரோடு கூடி அமர்ந்து, குழாய்த் தண்ணீர்த் தகராறு முதல் திருவிழா ஊர்வலம் வரை பேசித் தீர்த்தனர். கலவரம் இல்லாத நாட்களிலும் அக்குழுக்கள் கூடின என்பதே அவற்றின் சிறப்பு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. அங்கிருந்த மக்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. வதந்தி வந்தபோது, உண்மையா என்று கேட்க எதிர்வீட்டில் தெரிந்த ஒருவர் இருந்தார்; அதுவே வேறுபாடு.

ஆகவே வாழும் ஊரின் மொழியைப் பேரம் பேசும் அளவோடு நிறுத்தாமல், துக்கம் விசாரிக்கும் அளவுக்குக் கற்க வேண்டும். கடையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஊரிலிருந்து வரவழைப்பவர்களோடு அத்தெருப் பிள்ளைகளுக்கும் இடம் தர வேண்டும். எடுபிடி வேலைக்கு மட்டுமன்றிக் கணக்கு எழுதவும் கல்லாவில் அமரவும் இடம் தர வேண்டும். அண்டையார்க்கு உரிமை மறுக்கப்படும்போது, அது நம் கடைக்கு வசதியாக இருந்தாலும், அவர்கள் பக்கம் நின்று பேச வேண்டும். நம்மவன் ஒருவன் பிறனை இழிவாகப் பேசினால் நம்மவர்தாம் முதலில் கண்டிக்க வேண்டும். இவையெல்லாம் காப்பீட்டுத் தவணை அல்ல. இவற்றைச் செய்தால் கடை எரியாது என்று எவரும் உறுதி தர முடியாது. கடனைத் தீர்ப்பது, தீர்த்தால் லாபம் உண்டு என்பதற்காக அன்று. பட்டது கடன் என்பதற்காகவே தீர்க்கிறோம்.

தமிழ்ச் சங்கங்கள் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுத் தருகின்றன. பொங்கலும் முத்தமிழ் விழாவும் நடத்துகின்றன. மொழியைக் காப்பதற்கு இவை இன்றியமையாதவை. ஆனால் சங்கக் கட்டடத்தின் வாயிற்படி தெருவை நோக்கித்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடும்போது, அதில் ஒரு பக்கம் இவ்வூர் மொழியில் இருக்கட்டும். நாற்காலிகளை வரிசைப்படுத்தும்போது, நாள்தோறும் நம் கடைக்கு வந்து போகும் இவ்வூர் மக்களுக்கென்று முன்வரிசையில் சில நாற்காலிகள் இருக்கட்டும். அவற்றில் அமர்பவர்களை அவரவர் பெயர் சொல்லி அழைத்து வரவேற்க நம்மில் எத்தனை பேரால் முடியும் என்று நாம் இன்றே எண்ணிப் பார்ப்போம்.